பல் பார்த்து வாங்குதல்

மேற்கே வானளாவிய மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இவற்றிற்கு இடையே பசுமை போர்த்து விளங்குவது கம்பம் பள்ளத்தாக்கு. பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் அயரா முயற்சியால் 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கி வந்து, லோயர் கேம்ப் என்னும் இடத்தில் அடிவாரத்தை அடைகின்றது. அந்நீரால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களின் வயல்கள் செழிக்கின்றன. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் அங்கே விளைகின்றன. பள்ளத்தாக்கின் வாயிலில் வாணிகத்தால் வளர்ந்த தேனி நகரம் அமைந்துள்ளது.

இப்பகுதி உழவர்க்குப் பொருளைத் தேர்ந்து வாங்கும் கலை புதிதன்று. உழவு இயந்திரங்கள் பெருகுவதற்கு முன்னர், ஒரு சோடி மாடு வாங்குவது குடும்பத்தின் பல்லாண்டு வாழ்வை முடிவு செய்யும் செயலாக இருந்தது. சந்தைக்குச் சென்ற உழவர், விற்பவர் கூறிய புகழுரையைக் கேட்டு மயங்கியதில்லை. மாட்டின் வாயைத் திறந்து கீழ்த்தாடையின் பற்களைப் பார்த்தார். இரண்டு பல் முளைத்ததா, நான்கு பல்லா, ஆறு பல்லா, எட்டுப் பல்லும் நிரம்பியதா என்று கண்டு அதன் வயதை அறிந்தார். பின்னர் அதனை நடக்கவிட்டுக் கால்களை நோக்கினார்; கழுத்தைத் தடவி, நுகத்தடி அழுத்திய புண் உண்டா என்று ஆராய்ந்தார்; குளம்பைத் தூக்கிப் பார்த்தார். தரகரோ கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டே விலை பேசினார். விலை மறைவாக இருக்கலாம். மாட்டின் குறை மறைவாக இருத்தல் ஆகாது என்பது அச்சந்தையின் அறம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல் பார்க்காமல் வாங்காதே என்னும் அறிவுரையும் அதனுள் அடங்கியிருக்கின்றது அன்றோ? அவ்வறிவு இக்காலத்தில் மற்றொரு பொருளுக்கும் தேவைப்படுகின்றது. பிறர் பயன்படுத்திக் கைமாறி வரும் திறன்பேசியே அப்பொருள்.

கைப்பேசி இன்று செல்வர் கையில் மட்டும் விளங்கும் அணிகலன் அன்று. விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் தொழிலாளி, மறுநாள் வேலை உண்டா என்பதை அதன் வழியே அறிகின்றார். போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலத்தில் ஏலக்காய் என்ன விலைக்குப் போயிற்று என்பதை உழவர் அதன் வழியே கேட்கின்றார். கூலி வங்கியில் சேர்ந்த செய்தியும், கல்வி உதவித்தொகைக்கான அறிவிப்பும் அதிலேயே வருகின்றன. 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில், தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. எனினும், ஆசிரியரிடம் ஐயம் கேட்பதற்குக் கைப்பேசியே பாலமாயிற்று. அக்கருவி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட துன்பம் பெரிது.

இத்துணை இன்றியமையாத கருவியைப் புதிதாக வாங்க எல்லார்க்கும் பொருள் வசதி இல்லை. ஆதலால், பழையதை வாங்குதல் இழிவன்று. அறியாமல் வாங்குதலே இழப்பு. பழைய பொருள்களுள் நல்லது எது என்று அறிவதற்கு, முதலில் பழுதுபார்த்தல் என்னும் தொழிலின் இயல்பை உணர வேண்டும்.

பழுதுபார்த்தல் தமிழ்நாட்டு ஊர்களின் பழைய வழக்கம். கலப்பையின் கொழு மழுங்கினால், உழவர் அதனைத் தூக்கி எறியவில்லை. கொல்லர் உலைக்கு எடுத்துச் சென்றனர். பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சுத் தேய்ந்தால், ஈயம் பூசுவோர் தெருவிற்கு வந்தனர். அம்மி வழுவழுப்பானால், உளியும் சுத்தியும் கொண்டு அதனைக் கொத்திக் கொடுப்பவர் வந்தனர். இன்றும் கிணற்று மோட்டார் எரிந்துபோனால், அதனைப் பட்டறைக்குக் கொண்டு சென்று காயில் கட்டி மீண்டும் ஓடச் செய்கின்றனர். இச்செயல்கள் யாவும் நடைபெறுவதற்கு மூன்று நலன்கள் துணை நிற்கின்றன. முதலாவது, பொருள் கெடாமல் பிரிக்கத்தக்கதாய் இருத்தல். இரண்டாவது, தேய்ந்த பாகத்திற்கு மாற்றுப் பாகம் கிடைத்தல். மூன்றாவது, வேலை அறிந்த கை அருகில் இருத்தல். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும், பழுதுற்ற பொருள் குப்பையே ஆகும்.

கைப்பேசியும் ஒரு காலத்தில் எளிதில் பிரிக்கத்தக்கதாகவே இருந்தது. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர் அமெரிக்காவின் நியூயார்க்கு நகரத் தெருவில் நின்று, கையில் ஏந்திய கைப்பேசியில் முதன்முதலாகப் பேசினார். அக்கருவி ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடையது. இந்தியாவில் கைப்பேசிச் சேவையின் முதல் உரையாடல் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கொல்கத்தாவிற்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. 2006-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை சென்னைக்கு அருகிலுள்ள திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை இயங்கியது. அக்காலத்துப் பொத்தான் கைப்பேசியின் பின்மூடியைக் கட்டைவிரல் நகத்தால் திறக்கலாம். பேட்டரி என்று வழங்கும் மின்கலத்தைக் கழற்றி வேறொன்றை வைக்கலாம். சிறுவர்க்கும் எளிதான வேலை அது.

திறன்பேசி வந்த பின்னர் இந்நிலை மாறியது. மெலிந்த வடிவத்தையும், பெரிய மின்கலத்தையும், நீர் புகாத தன்மையையும் மக்கள் விரும்பினர். அவற்றைத் தரும்பொருட்டு நிறுவனங்கள் பின்மூடியைப் பசையால் ஒட்டின. மின்கலத்தையும் உள்ளே ஒட்டின. நீரும் தூசியும் புகாமை இதனால் விளைந்த நன்மையே. ஆயினும், மின்கலம் தளர்ந்தவுடன் கருவி முழுவதையும் கைவிடும் வழக்கமும் உடன் வளர்ந்தது.

மின்கலம் தளர்வது இயற்கை. கைப்பேசியில் உள்ளது லித்தியம் அயனி மின்கலம். அதனை 1991-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் அறிஞர் மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மின்னேற்றும்பொழுது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்குச் செல்கின்றன. பயன்படுத்தும்பொழுது மீண்டும் திரும்புகின்றன. இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை சென்று திரும்பியபின், மின்கலத்தின் கொள்ளளவு படிப்படியாகக் குறைகின்றது. மிகுந்த வெப்பம் அத்தளர்ச்சியை விரைவுபடுத்துகின்றது. கெட்ட மின்கலத்தின் உள்ளே வளி தோன்றி, அது வீங்குவதும் உண்டு. வீங்கிய மின்கலத்தை அழுத்துதலும் குத்துதலும் தீவிபத்தை விளைவிக்கும். மாட்டின் பல் வயதைக் காட்டுவதுபோலக் கைப்பேசியின் வயதைக் காட்டுவது மின்கலமே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: மாட்டிற்குப் புதுப்பல் கட்ட இயலாது, கைப்பேசிக்குப் புது மின்கலம் பொருத்த இயலும்.

இவ்வுண்மைகளை ஒரு குடும்பத்தின் நிகழ்ச்சியில் வைத்துக் காண்க. கம்பத்திற்கு அருகில் ஒரு சிற்றூர். அவ்வூரில் ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, உத்தமபாளையத்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கின்றாள். தந்தை ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை செய்பவர். வாரம் ஒருமுறை வீடு திரும்புபவர். தாய் திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்து, சிறுகச் சிறுகச் சேர்த்த 7,000 ரூபாயை மகள் கையில் கொடுக்கின்றாள். அப்பணம் போனால், மீண்டும் சேர்ப்பதற்குப் பல திங்கள் ஆகும். பெண்ணுக்குத் துணையாகத் தாத்தா வருகின்றார். அவர் இளமையில் பல சந்தைகளில் மாடு பிடித்தவர். கைப்பேசியைப் பற்றி ஒன்றும் அறியாதவர். இருவரும் பேருந்தில் ஏறித் தேனியை அடைகின்றனர்.

பேருந்து நிலையத்தின் அருகே ஓர் இளைஞன் அவர்களை அணுகுகின்றான். விலை உயர்ந்த கைப்பேசி ஒன்றைக் காட்டி, “அவசரத்திற்கு விற்கிறேன் ஐயா, 3,000 ரூபாய் கொடுத்தால் போதும்” என்கின்றான். தாத்தாவின் முகம் மலர்கின்றது. பெண்ணோ, “இதன் ரசீது எங்கே, அண்ணா?” என்று வினவுகின்றாள். ரசீதும் இல்லை, பெட்டியும் இல்லை. “சரி, அதன் எண்ணையாவது பார்க்கலாம்” என்று அவள் கூறுகின்றாள்.

கைப்பேசி ஒவ்வொன்றிற்கும் பதினைந்து இலக்கம் கொண்ட அடையாள எண் உண்டு. அதனை ஐ.எம்.இ.ஐ. எண் என்பர். பேசும் எண்ணை அழுத்தும் இடத்தில் *#06# என்று அழுத்தினால், அவ்வெண் திரையில் தோன்றும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்னும் மூன்று எழுத்துகளையும், இடம் விட்டு அவ்வெண்ணையும் எழுதி, 14422 என்னும் எண்ணிற்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். தடை செய்யப்பட்ட கருவியா, போலி எண்ணுடையதா என்பது விடையாக வரும். இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023-ஆம் ஆண்டு மே திங்களில் தொடங்கிய சஞ்சார் சாத்தி என்னும் இணையவாயிலிலும் இதனை அறியலாம். களவுபோன கைப்பேசியை உரியவர் அங்கே பதிவு செய்து முடக்கவும் வழி உண்டு.

பெண் தன் தாயின் பொத்தான் கைப்பேசியை எடுத்துச் செய்தி அனுப்பத் தொடங்குகின்றாள். அதைக் கண்ட இளைஞன், “வேறு ஆள் கேட்டிருக்கிறார்” என்று கூறி விரைந்து நீங்குகின்றான். தாத்தா ஒரு கணம் திகைக்கின்றார். பின்னர்ப் புன்னகை செய்து, “இருட்டில் ஓட்டிவரும் மாட்டை எவரும் வாங்கமாட்டார்கள். அதை நான் மறந்தேன், நீ மறக்கவில்லை அம்மா” என்கின்றார். களவுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு கருதக் காரணம் இருந்தோ ஒருவன் அதனை நேர்மையின்றி வாங்கினால், அது குற்றமாகும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு அதற்குத் தண்டனை விதிக்கின்றது. தண்டனை ஒருபுறம் இருக்க, எங்கோ ஒரு தாய் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளாகவும் அது இருக்கலாம் அன்றோ?

பின்னர் இருவரும் ஒரு கடைக்குள் நுழைகின்றனர். கடைக்காரர் இரண்டு பழைய கைப்பேசிகளை எடுத்து வைக்கின்றார். ஒன்று கண்ணாடி முதுகுடன் புதியதுபோலப் பளபளக்கின்றது. அதன் விலை 6,500 ரூபாய். மற்றொன்று நான்கு ஆண்டுப் பழமையுடையது. விளிம்புகளில் கீறல் விழுந்தது. அதன் விலை 5,500 ரூபாய். “அண்ணே, பேத்திக்கு இதை எடுத்துக்கொடுங்கள், பார்வைக்கு எப்படி இருக்கிறது பாருங்கள்!” என்று கடைக்காரர் முதலாவதைத் தாத்தாவின் கையில் கொடுக்கின்றார்.

பெண் அதனை வாங்கிச் சமமான மேசைமேல் வைக்கின்றாள். விரலால் ஓரத்தை அழுத்தினால், அது தாழ்ந்து எழுகின்றது. பின்மூடியின் நடுவே சிறு மேடு தெரிகின்றது. “மின்கலம் வீங்கியிருக்கிறது” என்கின்றாள். அடுத்து, திரையை நோக்குகின்றாள். நிறங்கள் மங்கியுள்ளன, கறுப்பு நிறம் சாம்பல் படிந்தாற்போல் தோன்றுகின்றது. திரைக்குள் இருக்க வேண்டிய கைரேகை உணர்வி வேலை செய்யவில்லை. உடைந்த திரைக்கு மாறாகக் கடைகளில் ‘காப்பி டிஸ்பிளே’ என்று வழங்கும் விலைகுறைந்த திரை அதில் பொருத்தப்பட்டுள்ளது. மேலும், அமைப்புகள் பகுதியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்த நாளைப் பார்க்கின்றாள். அது பல ஆண்டுகளுக்கு முன்னரே நின்றுவிட்டது. பளபளப்பு இருந்தது, பல் இல்லை.

இரண்டாவது கைப்பேசியையும் அவள் அவ்வாறே ஆராய்கின்றாள். முதலில் அடையாள எண்ணைச் சரிபார்க்கின்றாள்; குற்றம் ஒன்றும் இல்லை. முன்னாள் உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று காண்கின்றாள். ஆண்ட்ராய்டுக் கைப்பேசியில் அக்கணக்கை நீக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் அழித்தால், மீண்டும் திறக்கும்பொழுது அது பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பின்னர்த் தாயின் சிம் அட்டையை அதில் இட்டுத் தாத்தாவின் முன்னிலையிலேயே ஒருவருடன் பேசிப் பார்க்கின்றாள். 3ஜி சேவைகள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜியோ சேவையில் பேசுவதற்கும் 4ஜி கருவியே வேண்டும். ஆதலால், 4ஜி வழியே பேச இயலாத பழைய கைப்பேசி எவ்வளவு நன்றாயினும் பயன் குறைந்ததே.

அடுத்து, ஒரு செயலியின் சின்னத்தை விரலால் பிடித்துத் திரையின் எல்லாப் பகுதிகளிலும் இழுத்துப் பார்க்கின்றாள். இடையில் எங்கேனும் அது நழுவினால், தொடுதிரையில் பழுதுண்டு என்பது பொருள். குரலைப் பதிந்து கேட்கின்றாள். முன்னும் பின்னும் படம் எடுக்கின்றாள். மின்னேற்றியைச் செருகி, இணைப்பு ஆடுகின்றதா என்று பார்க்கின்றாள். சிம் அட்டைத் தட்டை வெளியே இழுத்து, விளக்கொளியில் உள்ளே நோக்குகின்றாள். பல கைப்பேசிகளில் அங்கே வெண்ணிறச் சிறுதாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். நீர் பட்டால் அது சிவந்துவிடும். மழைக்காலத்தில் ஏலமலைகளின் ஈரத்தில் பழகிய கைப்பேசிகளுக்கு இச்சோதனை மிகவும் தேவை. நீர் புகுந்த கருவி சில நாள் நன்றாக இயங்கலாம். உள்ளே செம்பு அரித்து, ‘போர்டு’ என்னும் மின்சுற்றுப் பலகை பின்னர்ப் பழுதாகும். மற்றப் பாகங்களை மாற்றுவதினும் அதனைச் செப்பனிடுவது அரிது.

இச்சோதனைகளில் அக்கைப்பேசி தேறுகின்றது. பாதுகாப்புப் புதுப்பிப்பும் அண்மைக்காலம்வரை வந்துள்ளது. ஒரே குறை, பத்து நிமிடம் ஒளிப்படம் ஓடியதும் மின்னேற்றம் பெரிதும் இறங்குகின்றது. அது மின்கலத்தின் தளர்ச்சி. “இதற்குப் புது மின்கலம் கிடைக்குமா? திரை உடைந்தால் என்ன விலை ஆகும்?” என்று பெண் கேட்கின்றாள். கடைக்காரர், “இந்த மாடல் நிறைய விற்றது, தங்கச்சி. பேட்டரியும் சார்ஜிங் போர்டும் எப்போதும் கையிருப்பில் இருக்கும். கம்பத்திலேயும் கிடைக்கும்” என்கின்றார். இவ்விடைதான் எல்லாச் சோதனைகளிலும் முதன்மையானது. ஏராளமாக விற்பனையான கைப்பேசிக்கு மாற்றுப் பாகம் எளிதில் கிடைக்கும். அரிதாக விற்ற உயர்விலைக் கைப்பேசிக்கு அது கிடைப்பதும் அரிது. வாங்கும் விலையுடன் மின்கலத்தின் விலையையும் கூட்டிக் கணக்கிட்ட பின்னரே உண்மையான விலை தெரியும்.

“புது மின்கலம் பொருத்தி 6,000 ரூபாய்க்குக் கொடுங்கள், அண்ணே” என்று பெண் பேரம் பேசுகின்றாள். சிறிது தயங்கிய கடைக்காரர் இசைகின்றார். மெல்லிய நெகிழித் தகட்டினால் பின்மூடியின் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிக்கின்றார். உள்ளே திருகாணிகள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றைக் கழற்றி, முதலில் மின்கல இணைப்பை நீக்குகின்றார்; பின்னர்ப் பழைய மின்கலத்தின் பசைப்பட்டையை மெல்ல இழுத்து அதனை எடுக்கின்றார். மின்னேற்றும் துளை அமைந்த சிறு பலகை தனியே இருப்பதையும் காட்டுகின்றார். தாத்தா கண்கொட்டாமல் நோக்குகின்றார். “கலப்பையைப் பிரித்துப் பூட்டுவதுபோல அல்லவா இருக்கிறது!” என்று வியக்கின்றார். அடையாள எண் எழுதிய ரசீதைப் பெற்றுக்கொண்டு, மீந்த 1,000 ரூபாயுடன் இருவரும் ஊர் திரும்புகின்றனர். வழியில் தாத்தா, “எட்டுப் பல்லும் நிரம்பிய மாடுதான்; ஆனாலும் ஏர் இழுக்கும்” என்று தமக்குள் கூறிக்கொள்கின்றார்.

ஓராண்டு கழிந்தது. மின்னேற்றும் துளை தேய்ந்து, கைப்பேசி மின்னேற மறுத்தது. கம்பத்துக் கடை ஒன்றில் அச்சிறு பலகையை மாற்றினர். மீந்திருந்த பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதுமானதாயிற்று. கல்லூரிப் பாடமும் தடைப்படவில்லை. மலையில் இருக்கும் தந்தையின் குரல் மாலைதோறும் கேட்பதும் நிற்கவில்லை. பழுது வாராத பொருள் உலகில் இல்லை. வந்த பழுதைச் சிறுசெலவில் நீக்க இயலுமாயின், அதுவே நல்ல பொருள்.

எனினும், எல்லை ஒன்று உண்டு. பாகங்களை மாற்றுவதால் மென்பொருளின் முதுமை நீங்காது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசியில் வங்கிச் செயலிகளைப் பயன்படுத்துதல் தகாது. சில செயலிகள் தாமே இயங்க மறுக்கும். 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற லினியேஜ் ஓ.எஸ். போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் சில பழைய கைப்பேசிகளுக்கு மறுவாழ்வு தருகின்றன. ஆயினும், அவை எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துவன அல்ல. அவற்றை நிறுவுவதற்குத் தேர்ந்த அறிவு வேண்டும். அத்தகைய கைப்பேசி படிக்கவும் பாட்டுக் கேட்கவும் படம் பிடிக்கவும் இன்னும் உதவலாம். பணத்தைக் காக்கும் பெட்டியாக உதவாது.

ஒரு குடும்பத்தின் நலனாகத் தோன்றும் இச்செயல் உலகின் நலனும் ஆகும். கைப்பேசிக்குள் செம்பும் பொன்னும் கோபால்ட்டும் லித்தியமும் உள்ளன. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகின்றது. ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் விளைவிக்கும் கரிமப் புகையின் பெரும்பகுதி, அதனை உருவாக்கும்பொழுதே வெளிப்பட்டுவிடுகின்றது. 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் அவை சார்ந்த அறிக்கை கூறுகின்றது. அதில் முறையாகத் திரட்டப்பெற்று மறுசுழற்சி அடைந்தது நான்கில் ஒரு பங்கினும் குறைவு. ஆதலால், ஒரு கைப்பேசியை மேலும் இரண்டு ஆண்டு பயன்படுத்துதல் சிறு செயலன்று.

இவ்வுண்மையை உணர்ந்த நாடுகள் சட்டங்களை வகுத்து வருகின்றன. பிரான்சு நாடு 2021-ஆம் ஆண்டு முதல், திறன்பேசி முதலிய கருவிகளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் இட்டு, வாங்குவோர்க்குக் காட்டுமாறு விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஒரு கைப்பேசி மாதிரியின் விற்பனை நின்ற பின்னரும் ஏழு ஆண்டுகள் அதன் முதன்மைப் பாகங்கள் கிடைத்தல் வேண்டும். நெதர்லாந்து நாட்டில் 2013-ஆம் ஆண்டில் தோன்றிய ஃபேர்போன் நிறுவனம், பயன்படுத்துவோரே திருகாணி கழற்றிப் பாகம் மாற்றத்தக்க கைப்பேசிகளைச் செய்து காட்டியுள்ளது. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ஆம் ஆண்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டின் இறுதியில் அதற்கென இணையவாயில் ஒன்றும் தொடங்கப்பெற்றது. உழைத்து முற்றும் தேய்ந்த கருவிகளையும் பயன்கொள்ளுதற்கு, 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. கெட்ட மின்கலத்தைக் குப்பைத்தொட்டியில் எறியாமல், முறையாகத் திரட்டுவோரிடம் ஒப்படைத்தல் குடிமக்கள் கடமை.

சட்டம் துணை செய்யும்; வாங்குவோரின் அறிவே முதற்காவல். விலை மலிவு என்று களவுப் பொருளை ஏற்காமையும், பளபளப்பைக் கண்டு பழுதை மறவாமையும், பாகம் கிடைக்குமா என்று முன்னரே கேட்டு அறிதலும் அவ்வறிவின் கூறுகள். நூறாண்டு கடந்த பெரியாறு அணையும் கட்டியவுடன் கைவிடப்படாமல், காலந்தோறும் பேணி வலுப்படுத்தப்பெற்றதனால் அன்றோ இன்றும் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நீர் தருகின்றது? பேணத்தக்கதைத் தேர்ந்து வாங்குதல், வாங்கியதைப் பேணுதல் என்னும் இரண்டையும் அம்மண்ணின் உழவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்த்த அவர்களின் கண்ணே, இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் கையிலுள்ள கருவிக்கும் வேண்டுவதாகும்.

பயிற்சி

1. உழவர் மாடு வாங்கும் முறையையும் பெண் கைப்பேசி வாங்கிய முறையையும் ஒப்பிட்டு எழுதுக.
2. ஒரு பொருளைப் பழுதுபார்ப்பதற்குத் துணைநிற்கும் மூன்று நலன்கள் யாவை?
3. பேருந்து நிலைய இளைஞன் விரைந்து நீங்கியது ஏன்? அங்கே பெண் காத்துக்கொண்ட நலன்கள் எவை?
4. ‘பளபளப்பு இருந்தது, பல் இல்லை’ - இத்தொடரின் பொருளை விளக்குக.
5. உம் வீட்டில் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் பொருள் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.